சும்மா இருந்தால் சம்பளம்!

ஓயாமல் குரைக்கும் வீட்டு நாயை அதட்டலும் அடியும் அடக்காது. அது குரைக்கும்போது நாம் என்ன செய்கிறோம், குரைக்காதபோது என்ன செய்யத் தவறுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

காலை 11 மணி. சென்னையில் ஏதோ ஓர் அடுக்ககம், மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவு திறக்கும் சத்தத்துக்கே ஜிம்மி எழுந்துவிட்டது. காலிங் பெல் அடிப்பதற்குள் கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு குரைக்கத் தொடங்கிவிட்டது. “ஷட் அப் ஜிம்மி!” என்று ஹாலிலிருந்து அப்பா. “ஏய், சும்மா இருடா” என்று பூஜை அறையிலிருந்து பாட்டி. “நோ ஜிம்மி, நோ!” என்று ஓடிவருகிறான் பையன். கதவைப் பாதி திறந்து, ஒரு காலால் நாயை உள்ளே தள்ளிக்கொண்டே அம்மா ஓ.டி.பி. சொல்கிறார். “ஒண்ணும் பண்ணாது தம்பி, சும்மா குரைக்கும்.” தம்பி அதை நம்பத் தயாராக இல்லை. பார்சலைக் கொடுத்த வேகத்தில் படிக்கட்டு வழியாகவே இறங்கிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்து விழுகிறது: “சி பிளாக்ல நாய்ச் சத்தம் தாங்கலை. மீட்டிங் அட்டெண்ட் பண்ண முடியலை.”

இப்படி ஏதாவது ஒரு ஜிம்மி இல்லாத அடுக்ககம் இன்று அபூர்வம். நாய் வளர்ப்பவர்களுக்குச் சங்கடம், பக்கத்து வீட்டாருக்கு எரிச்சல், இடையில் நாய்க்குத் திட்டு. “நாய் வாலை நிமிர்த்த முடியுமா?” என்று அலுத்துக்கொண்டு விட்டுவிடுவதுதான் வழக்கம். வாலை நிமிர்த்த முடியாதுதான். ஆனால் வாயைப் பழக்கலாம்.

அதற்கு மேலே சொன்ன அரை நிமிட நாடகத்தை ஜிம்மியின் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும். யாரோ ஓர் அந்நியர் வந்தார். ஜிம்மி குரைத்தது. மூன்று பேர் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அந்நியர் ஓடியே போய்விட்டார். போட்ட திட்டம் முழு வெற்றி! அதற்குப் பிறகு ஜிம்மி ஒரு மணி நேரம் சோபாவுக்கு அடியில் சத்தமே இல்லாமல் படுத்திருந்தது. அதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு பார்வை இல்லை, ஒரு தடவல் இல்லை. குரைப்புக்குக் கைமேல் கூலி. அமைதிக்குச் சல்லிக்காசு இல்லை. இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றுவதுதான் குரைப்பை நிறுத்தும் பயிற்சி. மற்றதெல்லாம் அதன் விவரங்கள்.

ஓநாய்க்கு இல்லாத வாய்

நாயின் மூதாதையான ஓநாயும் குரைக்கும், ஆனால் அரிதாக. வளர்ந்த ஓநாய் எழுப்பும் ஒலிகளில் குரைப்பின் பங்கு மிகச் சிறியது. ஆபத்து வந்தால் எச்சரிக்கையாக ஓரிரு குரை, அவ்வளவுதான். நாயோ எதற்கும் குரைக்கும். பசி, விளையாட்டு, பயம், வரவேற்பு, அலுப்பு எல்லாவற்றுக்கும் அதனிடம் ஒரு குரை உண்டு. அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர் நாய்களின் குரைப்பைப் பற்றி எழுதியபோது, மின்னசோட்டா மாநிலத்தில் ஆட்டுமந்தைக் காவலுக்கு வைத்திருந்த ஒரு நாய் 7 மணி நேரம் இடைவிடாமல் குரைத்ததைப் பதிவு செய்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் பதில் குரல் கொடுக்க வேறு நாயே இல்லை.

இந்த வாயை வளர்த்ததில் நமக்கும் பங்குண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் நாயிடம் எதிர்பார்த்த முதல் வேலை காவல். இரவில் அந்நியன் வந்தால் குரல் கொடுக்கும் நாய்க்குச் சோறு கிடைத்தது. நம் ஊரிலேயே ராஜபாளையமும் கோம்பையும் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் காவல் நின்று பேர் வாங்கியவை. ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் துறை 2005-ல் தபால்தலையே வெளியிட்டது. தோப்பு வீட்டில் நூறு அடிக்கு அப்பால் ஆள் நடமாட்டத்தைக் கேட்டுக் குரல் கொடுத்த அதே காது, இன்று இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் லிஃப்ட், படிக்கட்டு, எதிர்வீட்டுச் சாவிக்கொத்து என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்போம். நாய் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கும். வீடு சுருங்கியது, சுவர் மெலிந்தது. நாயின் காதும் தொண்டையும் அப்படியே இருக்கின்றன.

பரம்பரைக்கும் இதில் கை உண்டு. அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து, முடிவுகளை 1965-ல் நூலாக வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவின் பசென்ஜி இனம் அரிதாகவே குரைக்கும், காக்கர் ஸ்பேனியல் சின்னத் தூண்டுதலுக்கும் வாய் திறக்கும் என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. நம் வீடுகளில் ‘பொமரேனியன்’ என்ற பேரில் வளரும் வெள்ளை ஸ்பிட்ஸும், மோப்ப வேட்டைக்கென்றே உருவான பீகிளும் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவை. ஸ்பிட்ஸை வாங்கிவிட்டு அது குரைக்கிறதே என்று திட்டுவதில் நியாயம் கொஞ்சம் குறைவு. ஆனால் பிறவிக்குணம் ஓரளவுதான். எவ்வளவு நேரம் குரைப்பது, எப்போது நிறுத்துவது என்பது பழக்கத்தால் வருவது.

எந்தக் குரை இது?

எல்லாக் குரைப்புக்கும் ஒரே மருந்து கொடுப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் பிசகு. முதலில் நாய் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். அது நினைப்பது போல் கடினமும் அல்ல. கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியில் பேர்பெற்றவருமான சோஃபியா யின், கலிஃபோர்னியாவில் 10 நாய்களின் 4,672 குரைப்புகளைப் பதிவு செய்து ஒலியலைகளை ஆராய்ந்தார். அந்நியர் பெல் அடிக்கும்போது, எஜமானரிடமிருந்து பிரித்துத் தனியே அடைக்கும்போது, விளையாடும்போது என மூன்று சூழல்கள். பெல் சத்தத்துக்கு வந்த குரைப்பு கட்டைக்குரலில், கரகரவென்று, அடுக்கடுக்காக வந்தது. தனிமைக் குரைப்பும் விளையாட்டுக் குரைப்பும் கீச்சுக்குரலில், ஏற்ற இறக்கத்தோடு வந்தன. ஹங்கேரியில் பீட்டர் பொங்ராட்ஸின் குழு, பதிவு செய்த குரைப்புகளை மனிதர்களுக்குப் போட்டுக் காட்டியது. நாயே வளர்த்திராதவர்கள்கூட எது எந்தச் சூழலின் குரை என்பதைக் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே கண்டுபிடித்தார்கள்.

வீட்டில் கேட்கும் குரைப்பைப் பொதுவாக ஐந்தாகப் பிரிக்கலாம்.

காவல் குரை: பெல், லிஃப்ட், தெருநாய், கீரைக்காரர் குரல், மதில்மேல் பூனை. கட்டைக்குரல், முன்னே பாயும் உடல், கதவையோ சன்னலையோ நோக்கிய பார்வை.

பயக் குரை: பட்டாசு, இடி, மிக்ஸி, குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர். குரைத்துக்கொண்டே பின்வாங்கும், காது பின்னே மடியும், வால் தாழும்.

கேட்டுவாங்கும் குரை: நீங்கள் சாப்பிடும்போது, போன் பேசும்போது, பந்து சோபாவுக்கு அடியில் போனபோது. உங்கள் முகத்தைப் பார்த்து, விட்டு விட்டு, ஒவ்வொரு குரைக்கும் பிறகு பதிலுக்குக் காத்திருக்கும்.

அலுப்புக் குரை: நாள் முழுக்கக் கட்டிப்போட்ட அல்லது பால்கனியில் விட்ட நாய் ஒரே தாளத்தில், இலக்கே இல்லாமல் குரைப்பது.

பிரிவுக் குரை: வீட்டில் யாரும் இல்லாதபோது மட்டும். குரையோடு ஊளையும் முனகலும் கலந்துவரும்.

இவை தவிர, இதுவரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று குரைக்க ஆரம்பித்தால் பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் போக வேண்டும். காதுப்புண், பல்வலி, மூட்டுவலி எதுவும் காரணமாக இருக்கலாம். வயதான நாய் நள்ளிரவில் சுவரைப் பார்த்துக் குரைத்தால் பேய் பிசாசு என்று பதற வேண்டாம். மனிதருக்கு வருவதைப் போல நாய்க்கும் முதுமையில் மூளைத்தளர்ச்சி வரும். இரவு பகல் குழம்பும், காதும் மந்தமாகும்.

எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்குக் குரைத்தது, எதைப் பார்த்து அல்லது கேட்டு, எவ்வளவு நேரம், கடைசியில் எதனால் நின்றது. நான்காவது கேள்விதான் முக்கியம். கதவைத் திறந்ததால் நின்றதா, பிஸ்கட் போட்டதால் நின்றதா, ஆள் போனதால் நின்றதா? அந்தப் பத்தியைப் படித்தாலே உங்கள் வீட்டில் குரைப்புக்கு என்ன கூலி, அதைக் கொடுப்பது யார் என்பது தெரிந்துவிடும்.

கூலி கொடுப்பது நாம்தான்

பலன் தரும் செயல் திரும்பத் திரும்ப நடக்கும், பலன் நின்றால் தேயும். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து விரிவாக நிறுவிய விதி இது. நாய்க்கும் இதுவே பொருந்தும். கேட்டுவாங்கும் குரைப்பில் இது அப்பட்டமாகத் தெரியும். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று நாய் குரைக்கிறது. முதலில் “போ அந்தப் பக்கம்” என்கிறோம். பார்த்தோம், பேசினோம், அதுவே பாதிக் கூலி. பத்தாவது குரையில் பொறுமை போய்ச் சப்பாத்தித் துண்டு ஒன்றைப் போடுகிறோம். அது மீதிக் கூலி. நாய் கற்றுக்கொண்ட பாடம்: பத்து முறை குரைத்தால் சப்பாத்தி.

நாளை முதல் தரக் கூடாது என்று முடிவெடுக்கிறீர்கள். வழக்கமான பத்துக்குப் பலனில்லை என்றதும் நாய் நிறுத்தாது. இருபதாக்கும், முப்பதாக்கும், குரலை உயர்த்தும். நடத்தை தேய்வதற்கு முன் ஒருமுறை பொங்கி எழுவது பல உயிர்களிலும் காணப்படுவது. பெரும்பாலான வீடுகள் தோற்பது இந்த இடத்தில்தான். “நிறுத்தப் பார்த்தோம், இன்னும் அதிகமாயிடுச்சு” என்று சொல்லி முப்பதாவது குரையில் துண்டைப் போட்டுவிடுவார்கள். பாடம் இப்போது திருத்தப்படுகிறது: முப்பது முறை குரைத்தால் நிச்சயம். எப்போதாவது கிடைக்கும் பலன், எப்போதும் கிடைக்கும் பலனைவிடப் பிடிவாதத்தை வளர்க்கும் என்பதும் ஸ்கின்னர் கண்டதே. எனவே தராமல் இருக்க முடியும் என்ற உறுதி வீட்டில் எல்லோருக்கும் வந்த பிறகு தொடங்குங்கள். தாத்தா மட்டும் மேசைக்கு அடியில் ரகசியமாகக் கைநீட்டினால் மொத்தமும் வீண்.

அதட்டல் ஏன் பலிப்பதில்லை? கவனத்துக்கு ஏங்கும் நாய்க்கு அதட்டலும் கவனம்தான். காவல் குரை குரைக்கும் நாய்க்கோ, “ஷட் அப்!” என்று நாம் போடும் கத்தல், குடும்பமும் சேர்ந்து எதிரியை விரட்டுவதாகவே படும். பயந்து குரைக்கும் நாயை அடித்தால் பயத்துக்கு இன்னொரு காரணம் சேர்கிறது. எந்த வகையிலும் லாபமில்லை.

காலிங் பெல் பாடம்

மிக அதிகமாகக் கேட்கும் புகார் பெல் குரைப்பு என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். தேவையானவை: உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழித் துண்டுகள், கொண்டைக்கடலை அளவில், சைவ வீடென்றால் பனீர். ஒரு சிறு பாய் அல்லது மிதியடி. ஒரு செல்போன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, தலா ஐந்து நிமிடம்.

முதலில் வார்த்தை. நாயை நிறுத்தச் சொல்ல வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். அப்பாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று என்றிருந்தால் நாய்க்கு எல்லாமே வெறும் சத்தம். ‘போதும்’ என்று வைத்துக்கொள்வோம். வீடு அமைதியாக இருக்கும்போது, சாதாரணக் குரலில் “போதும்” என்று சொல்லி உடனே ஒரு துண்டு கொடுங்கள். சொல், துண்டு, சொல், துண்டு. சில நாட்களில் அந்தச் சொல்லைக் கேட்டதுமே நாய் உங்கள் கையைத் தேடித் திரும்பும். மணிச்சத்தத்துக்கு எச்சில் ஊறுவதாக நாம் பள்ளியில் படித்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் பாடம்தான் இது. குரைத்துக்கொண்டே நாயால் கோழியைத் தின்ன முடியாது என்பது கூடுதல் வசதி.

அடுத்தது இடம். கதவிலிருந்து ஏழெட்டு அடி தள்ளிப் பாயைப் போட்டு, நாய் அதில் கால் வைத்ததும் ஒரு துண்டு, உட்கார்ந்ததும் ஒன்று, படுத்ததும் இரண்டு. கொஞ்சம் கொஞ்சமாக, அங்கேயே பத்து நொடி, அரை நிமிடம், ஒரு நிமிடம் இருந்தால்தான் துண்டு என்று நீட்டுங்கள்.

பிறகுதான் பெல். உங்கள் வீட்டுக் காலிங் பெல்லையே செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். சத்தத்தை மிகக் குறைத்து ஒலிக்க விடுங்கள். நாய் காதை நிமிர்த்தும், ஆனால் குரைக்காது. அந்த அளவுதான் சரியான தொடக்கம். ஒலி வந்ததும் பாயில் ஒரு துண்டு. இப்படிப் பலமுறை செய்த பிறகு சத்தத்தை ஒரு கட்டம் கூட்டுங்கள். நாய் குரைத்துவிட்டால் அது பிடிவாதம் அல்ல, நீங்கள் அவசரப்பட்டதற்கு அடையாளம். திட்டாமல் பழைய அளவுக்கு இறங்குங்கள்.

பதிவு பழகியதும் நிஜ பெல். வீட்டு ஆள் ஒருவர் வெளியே போய் அடிக்க வேண்டும். உள்ளே ஒருவர் “பாய்” என்று சொல்லி அனுப்ப வேண்டும். அடுத்து எதிர்வீட்டு அக்கா, பிறகு வாட்ச்மேன், கடைசியாக அறிமுகமில்லாதவர். கதவு திறக்கும்போதும் நாய் பாயிலேயே இருந்தால் வந்தவர் கையாலேயே ஒரு துண்டைப் பாயில் போடச் சொல்லலாம். அந்நியர் விரட்டப்பட வேண்டியவர் என்ற கணக்கு, அந்நியர் வந்தால் கோழி வரும் என்று மாறும்.

நிஜத்தில் ஒரு குரை, இரண்டு குரை வந்தால் விடுங்கள். “சரி, பார்த்துட்டேன். போதும்” என்று எழுந்து வந்து சொல்லுங்கள். வாய் மூடிய அந்த நொடியில் துண்டு. முதலில் இரண்டு நொடி அமைதிக்கு, பிறகு ஐந்துக்கு, பிறகு பதினைந்துக்கு. நாய்ப் பயிற்சியில் உலகப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் இயன் டன்பார், நாய்க்கு முதலில் சொன்னதும் குரைக்கக் கற்றுக்கொடுத்து, பிறகு சொன்னதும் நிறுத்தக் கற்றுக்கொடுக்கச் சொல்வார். கேட்க விசித்திரமாக இருந்தாலும் அதில் தர்க்கம் உண்டு. குரைப்பு நம் சொல்லுக்கு வந்தால்தான் நிறுத்தத்தைப் பழக்க வாய்ப்புகளை நாமே உண்டாக்க முடியும்.

இந்த நாட்களில் உண்மையான கொரியர்கள் பயிற்சியைக் கெடுக்காமல் இருக்க, கதவில் ‘பெல் அடிக்க வேண்டாம், போன் செய்யவும்’ என்று ஒரு தாளை ஒட்டுங்கள். உணவு டெலிவரி ஆப்களில் பெல் அடிக்க வேண்டாம் என்று குறிப்பு எழுதும் வசதியும் இருக்கிறது. பழக்கம் பிடித்த பிறகு எல்லா முறையும் துண்டு தேவையில்லை. எப்போதாவது கிடைக்கும் பலன் பிடிவாதத்தை வளர்க்கும் என்றோமே, அதை இப்போது அமைதிக்குச் சாதகமாகத் திருப்பிவிடலாம்.

எதைக் கொடுக்கலாம், எது கூடாது?

கோழி, பனீர், கேரட், தோல் விதை நீக்கிய ஆப்பிள் ஆகியவற்றைச் சிறு துண்டுகளாகத் தரலாம். பயிற்சியில் கொடுப்பதற்கு ஈடாக வேளைச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு ஆகியவை நாய்க்கு நஞ்சு. பாயசத்திலிருந்தும் கேசரியிலிருந்தும் திராட்சையோடு ஒரு வாய் ஊட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு மாற்றாகச் சில சூயிங்கம்களில் சேர்க்கப்படும் சைலிட்டால் இன்னும் ஆபத்து.

சன்னலும் காலாற நடையும்

சில குரைப்புகளுக்குப் பாடமே வேண்டாம், திரைச்சீலை போதும். தெருவைப் பார்த்த சன்னலோரம் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நாய், போகிற ஒவ்வொருவரையும் தான்தான் குரைத்து அனுப்பியதாக நம்பும். அவர்கள் எப்படியும் போகிறவர்கள்தான் என்பது அதற்குத் தெரியாது. சன்னலின் கீழ்ப்பாதிக்குப் பனிக்கண்ணாடிக் காகிதம் ஒட்டுங்கள், சோபாவை இடம் மாற்றுங்கள், பால்கனி கம்பிக்கு மூங்கில் தட்டி கட்டுங்கள். நாயைப் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போவதை நிறுத்துங்கள். அங்கே குரைப்பதற்கான காரணங்கள் தீரவே தீராது.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா வெல்ஸ் குழு, காப்பகத்து நாய்களுக்கு வெவ்வேறு ஒலிகளைப் போட்டுப் பார்த்து 2002-ல் முடிவுகளை வெளியிட்டது. மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கு நாய்கள் அதிகம் படுத்து ஓய்வெடுத்தன. ஹெவி மெட்டல் இசைக்கு அதிகம் குரைத்தன. வெளிச்சத்தத்தை மறைக்க மெல்லிய இசையோ, ஓடும் மின்விசிறியோ உதவும். வீணையும் புல்லாங்குழலும் வைத்துப் பார்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அலுப்புக் குரைக்கு ஒரே மருந்து வேலை. காலையும் மாலையும் வாக்கிங் என்று பல நாய்களைக் கூட்டிப்போவது மலம் கழிக்க மட்டும்தான்; வேலை முடிந்ததும் பெல்ட்டை இழுத்துக்கொண்டு வீடு. நாய் ஒரு கம்பத்தடியில் நின்று மோந்தால் மோக்க விடுங்கள். அதற்கு மூக்குதான் செய்தித்தாள். வெயில் ஏறிய தார்ச்சாலை பாதத்தைச் சுடும் என்பதால் ஏழு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. வீட்டில் தட்டில் கொட்டும் சாப்பாட்டைப் பழைய டவலில் சுருட்டிவைத்தோ, அட்டைப்பெட்டிகளில் ஒளித்துவைத்தோ தேடித் தின்ன விடுங்கள். தேடிக் களைத்த நாய்க்குத் தூக்கம் வரும், வாய் வராது.

நீங்கள் போன பிறகு

“நாங்க இருக்கும்போது சத்தமே போடாது. நாங்க போனதும்தான் கத்துதாம்” என்பவர்கள் முதலில் ஒரு பழைய செல்போனை அலமாரியில் நிறுத்தி வீடியோவை ஓட விட்டுவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்து அதைப் பார்ப்பது கொஞ்சம் மனக்கஷ்டமான வேலை. கதவு சாத்தியதும் நாய் கதவருகே நிற்கும். முனகும். அறைக்கும் கதவுக்குமாக நடக்கும், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும், கதவுச் சட்டத்தைப் பிறாண்டும். பிறகு ஊளை. இப்படித் தெரிந்தால், அதிலும் போன அரை மணிக்குள் தொடங்கினால், அது பிரிவுப் பதற்றம். அதே வீடியோவில் நாய் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு, கீழே நாய் குரைத்ததும் எழுந்து குரைத்தால் அது வெறும் காவல் குரை, வைத்தியம் வேறு.

பிரிவுப் பதற்றம் அடம் அல்ல, பீதி. அமைதிக்குச் சம்பளம் என்ற கணக்கு இங்கே மட்டும் தனியாக வேலை செய்யாது. பீதியில் இருக்கும் நாய் கோழியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பிரிவைத் துளித்துளியாகப் பழக்க வேண்டும். சாவியை எடுத்து, செருப்பு மாட்டி, வெளியே போகாமல் மறுபடி உட்காருங்கள். சாவிச்சத்தத்துக்கு இருக்கும் பயம் போகட்டும். பிறகு கதவுக்கு வெளியே ஐந்து நொடி. நாய் பதறுவதற்கு முன் திரும்பி வாருங்கள். பத்து நொடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை பெரியவர் ஒருவர் துணையோ, நாய்ப் பராமரிப்பு மையமோ, உறவினர் வீடோ ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். கடுமையான நிலைக்கு க்ளோமிப்ரமின், ஃப்ளூவாக்சிட்டின் போன்ற மருந்துகளைக் கால்நடை மருத்துவர்கள் பயிற்சியோடு சேர்த்துப் பரிந்துரைப்பதுண்டு. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலும் இப்யூப்ரோஃபெனும் நாயைக் கொல்லக்கூடியவை.

குறுக்கு வழிகள்

குரைத்தால் ஷாக் அடிக்கும் காலர் ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கிறது. பூனையைப் பார்த்துக் குரைத்த நாய்க்கு ஷாக் விழுந்தால், வலிக்குக் காரணம் தன் குரை என்று அது முடிவுகட்டும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பூனைதான் வலி தந்தது என்று நினைத்தால் பூனைமேல் வெறி. எதிரே நின்ற குழந்தைதான் என்று நினைத்தால் விபரீதம். வேல்ஸ் நாடு 2010-லேயே இந்தக் காலர்களைத் தடை செய்தது. எலுமிச்சை வாடைத் தைலத்தைப் பீய்ச்சும் காலர் வலிக்காது. ஆனால் நாய்கள் போகப்போக அதற்குப் பழகிவிடுகின்றன. குரல்நாண் திசுவை வெட்டி ஊமையாக்கும் அறுவைச் சிகிச்சையை 1987-ன் ஐரோப்பியச் செல்லப்பிராணிப் பாதுகாப்பு உடன்படிக்கை தடை செய்கிறது. வாய்க்கூடு மாட்டிக் குரைப்பை நிறுத்துவதும் தவறு. நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல்சூட்டைத் தணித்துக்கொள்ளும். நம் ஊர் மே மாதத்தில் அதைக் கட்டினால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் குறுக்கு வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. குரலை நிறுத்தப் பார்க்கின்றன, காரணத்தைத் தொடுவதில்லை. பயந்த நாய் குரைக்க முடியாவிட்டாலும் பயந்தபடியேதான் இருக்கும். எச்சரிக்கை கொடுக்கும் வழியை மட்டும் நாம் எடுத்துவிட்டோம் என்றால், அடுத்து அது எச்சரிக்காமலே கடிக்கலாம்.

அசோசியேஷன் கூட்டத்தில்

நாய்ச் சத்தம் அசோசியேஷன் கூட்டத்துக்கு வந்ததும் “நாயை வெளியேத்துங்க” என்பார் ஒருவர், “எங்களைக் கேட்க நீங்க யார்?” என்பார் இன்னொருவர். இருவருக்கும் பதில் இருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும் குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாய்களுக்குத் தடை போட முடியாது. குரைப்பது நாயின் இயல்பு, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதே ஆவணம். ஆனால் அங்கேயே நிறுத்திவிடவில்லை. குறிப்பாக இரவு நேரத்தில் நாயை அமைதியாக வைத்திருக்க வளர்ப்பவர் முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. பொது அமைதிக்கு அளவுகோலாக அதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு சட்டப்பிரிவும் உண்டு. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் 11-ம் பிரிவு, எப்போதும் சங்கிலியிலோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் விடுவதையே கொடுமைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். தொகை சிரிப்பை வரவழைக்கும். ஆனால் நாள் முழுக்கக் கட்டிப்போட்ட நாய் குரைப்பதில் குற்றவாளி யார் என்பதை அந்தச் சட்டம் அறுபது வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டது.

பக்கத்து வீட்டாரிடம் பேசுவதில் நாய் வளர்ப்பவர் முந்திக்கொள்ள வேண்டும். “பயிற்சி ஆரம்பிச்சிருக்கோம், முதல்ல கொஞ்சம் சத்தம் கூடலாம், பொறுத்துக்கோங்க” என்று முன்கூட்டியே சொன்னால் பாதிக் கோபம் அடங்கிவிடும். எந்த நேரத்தில் அதிகம் குரைக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்துக்குச் சாட்சி அவர்கள்தான்.

குட்டி வாங்கும் முன்

இதில் பெரும்பாலான தொல்லைகளைக் குட்டிப் பருவத்திலேயே தவிர்த்துவிடலாம். ஸ்காட்டும் ஃபுல்லரும் காட்டிய இன்னொரு உண்மை: பிறந்த 3-வது வாரம் முதல் சுமார் 12-வது வாரம் வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ, அதற்குப் பிற்காலத்தில் அஞ்சாது. குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது. அதனால் வாங்குபவர் கையில் மிஞ்சுவது சில வாரங்களே. தடுப்பூசி முடியும் வரை தரையில் விடாமல், தோளில் தூக்கிக்கொண்டாவது லிஃப்ட், மார்க்கெட், ஆட்டோ, ஹெல்மெட், கோயில் மேளம் எல்லாவற்றையும் தள்ளி நின்று காட்டுங்கள். இனத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஒன்பது மணி நேரம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் தம்பதிக்கு ஹஸ்கியும் பீகிளும் தோதுப்படாது. எந்த இனமானாலும், மாநகராட்சி உரிமத்தோடும் வெறிநோய்த் தடுப்பூசியோடும் சேர்த்து, தினம் ஒரு மணி நேரம் தன் நேரத்தைக் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

ஏற்கெனவே நாய் இருக்கிறவர்களுக்குப் பத்து நாளில் அதிசயம் நடக்காது. பெல் குரை சில வாரங்களில் தணியும், பிரிவுக் குரைக்கு மாதங்கள் ஆகும், ஸ்பிட்ஸுக்கு லேப்ரடாரைவிடக் கொஞ்சம் அதிகம் பொறுக்க வேண்டும். முழு மௌனம் யாருக்கும் வாய்க்காது. வாய்த்தாலும் அது நல்லதல்ல. பெல் அடித்தால் இரண்டு குரை, “போதும்” என்றதும் பாய், அதற்கு ஒரு துண்டு. நள்ளிரவில் நிஜமாகவே யாராவது பூட்டை நெம்பினால் அந்த இரண்டு குரையும் வேண்டியிருக்கும்.

ஆக, செய்ய வேண்டியதில் மிகச் சுலபமானதை இன்றே ஆரம்பிக்கலாம். பயிற்சியாளரும் வேண்டாம், பணமும் வேண்டாம். நாய் சத்தமில்லாமல் படுத்திருக்கும்போது போகிற போக்கில் குனிந்து, “சமர்த்து” என்று தடவிவிட்டுப் போங்கள். வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஒரு நாளைக்கு நான்கு தடவை. குரைத்தால்தான் இந்த வீட்டில் ஆளாக மதிப்பார்கள் என்ற எண்ணம் அதன் தலையிலிருந்து இறங்கத் தொடங்க அது போதும்.